மஞ்சளும் காபியும்: பல்நிற அடைப்புகளில் எது நிறம் மாறாது?

முன்பல்லில் சொத்தையை அடைக்க காம்போசிட் (ரெசின் எனும் பிசினில் கண்ணாடித் துகள் கலந்த பசை), கிளாஸ் அயனோமர் (ஜி.ஐ.சி., கண்ணாடித் தூளும் அமிலமும் கலந்த சிமெண்ட்), பீங்கான் வெனீர் (பல்லின் முன்புறம் ஒட்டும் மெல்லிய தகடு) என மூன்று வழிகள் உண்டு. நிறத்தை மட்டும் பார்த்தால் பீங்கானுக்கே முதலிடம். அதன் மேலுள்ள கண்ணாடிபோன்ற பூச்சு (கிளேஸ்) கெடாதவரை கறை உள்ளே இறங்காது. ஆனால் அதற்காக அரை மி.மீ. அளவுக்கு எனாமலைச் சீவ வேண்டும். சின்னச் சொத்தைக்கு அது நியாயமே இல்லை. அமிலத்தன்மையுள்ள ஃபுளோரைடு ஜெல் கிளேஸை அரித்துவிடும் என்பதால், வெனீர் வைத்தவர்கள் அமிலத்தன்மையில்லாத நியூட்ரல் ஜெல்தான் கேட்டு வாங்க வேண்டும்.

ஜி.ஐ.சி. ஒளியை அவ்வளவாக உள்ளே விடாது. வைத்த அன்றே சுண்ணாம்பு பூசியதுபோல் தெரியும். முதல் சில மணி நேரம் ஈரம் பட்டாலும் கெடும், காய்ந்தாலும் வெடிக்கும். அந்த நுண்வெடிப்பில்தான் பின்னால் கறை ஏறும். அதனால் வைத்த கையோடு வார்னிஷ் பூசியாக வேண்டும். ரெசின் கலந்த ஜி.ஐ.சி. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அதிலுள்ள ஹெமா என்ற ரெசின் மூலப்பொருள் தண்ணீரை இழுப்பதால் நாளாக நாளாக இருண்டுபோகும். ஈறோரத் தேய்மானத்துக்குச் சரி, சிரித்தால் தெரியும் இடத்துக்கு வேண்டாம்.

பெரும்பாலானோருக்குப் பொருந்துவது காம்போசிட். அது நிறம் காப்பது பிராண்டைவிட வேலைப்பாட்டைப் பொறுத்தது. ஒரு அடுக்கு 2 மி.மீ.க்கு மேல் போனால் அதை இறுக்கும் நீல ஒளி அடிவரை எட்டாது. இறுகாத ரெசின் தண்ணீரை உறிஞ்சும், கூடவே காபியின் நிறத்தையும். கடைசி அடுக்கின் மேல் காற்று படுவதால் ஒரு பிசுபிசுப்புப் படலம் இறுகாமல் நிற்கும். அதன்மேல் கிளிசரின் ஜெல் தடவி இன்னும் 20 விநாடி ஒளி காட்ட வேண்டும். வடிவம் பிடிக்க அழுத்திய பிளாஸ்டிக் பட்டையை எடுத்ததும் கண்ணாடிபோல் மின்னும் பரப்பைப் பார்த்து ஏமாறக் கூடாது. அங்கே ரெசின்தான் மிகுதி, கறை முதலில் பிடிப்பதும் அதில்தான். சொரசொரப்பான டிஸ்க்கில் தொடங்கி மிக நைஸான டிஸ்க் வரை ஒன்றைக்கூட விடாமல் பாலிஷ் போட வேண்டும்.

டீக்கறை பெரும்பாலும் மேலோடு நிற்கும், பாலிஷில் போய்விடும். காபி உள்ளே ஊறும். நம் சமையல் மஞ்சள் எல்லாவற்றையும்விட வேகமாக ஏறும், ஆனால் வெளிச்சத்தில் ஓரளவு வெளுக்கும். குளோர்ஹெக்சிடின் வாய்க்கழுவியோடு டீயும் சேர்ந்தால் பழுப்பு நிச்சயம்.

கறை பிடித்த அடைப்பை உடனே தோண்டி எடுக்க வேண்டாம். ஓரத்தில் பழுப்புக் கோடு தெரிந்தால், காற்றடித்து உலர்த்தி எக்ஸ்ப்ளோரர் என்ற கூர்மையான பல் கருவியின் முனையை ஓட்டிப் பாருங்கள். தடங்கலின்றி வழுக்கினால் பாலிஷ் போதும். மாட்டினால் இடைவெளி விழுந்திருக்கிறது, அந்த ஓரத்தைத் திறந்து சரிசெய்ய வேண்டும். அடைப்பு முழுக்க ஒரே சீராக மஞ்சளித்திருந்தால் அது ரெசின் ஒளியில் இறுக உதவும் அமைன் என்ற வேதிப்பொருளின் வேலை. பாலிஷ் உதவாது, மேல்பகுதியைச் சீவிவிட்டுப் புது அடுக்கு வைக்க வேண்டும்.

நிறம் பொருந்தவில்லை என்ற புகார் பல நேரம், உலர்ந்த பல்லைப் பார்த்து ஷேடு (அடைப்பின் நிறச்சாயல்) எடுத்ததால் வருவது. உலர்ந்த பல் வெளுத்துக் காட்டும். எச்சில் படாமல் தடுக்கும் ரப்பர் விரிப்பை (ரப்பர் டேம்) மாட்டும் முன்பே, எச்சில் ஈரம் இருக்கும்போது ஷேடு எடுக்க வேண்டும். அடைத்த அன்று கண்ணாடியில் பார்த்துப் பதற வேண்டாம். ஈரம் ஊறிப் பல் பழைய நிறத்துக்குத் திரும்ப ஒரு நாளாவது ஆகும்.