சுகரும் கிரியாட்டினினும் இருந்தால் கனடாவா, ஆஸ்திரேலியாவா?

அக்கா வீட்டுக்காரருக்குப் பத்து வருஷமாகச் சுகர். கிட்னியின் நிலையைக் காட்டும் ரத்த அளவான கிரியாட்டினின் 1.7. குடும்பத்தோடு வெளிநாட்டில் குடியேறலாம் என்று கிளம்பியபோது, வயது, படிப்பு, வேலை அனுபவத்துக்குத் தரும் புள்ளிக் கணக்கில் கனடா, ஆஸ்திரேலியா இரண்டுமே ஒத்துவந்தன. இடித்தது மெடிக்கல்தான்.

பரிசோதனையில் பெரிய வித்தியாசம் இல்லை. அந்தந்த நாடு அங்கீகரித்த டாக்டர்தான் பார்க்க வேண்டும். சேலம் அஸ்தம்பட்டியில் வருஷக்கணக்கில் மாமாவைப் பார்க்கும் டாக்டரின் கடிதம் கூட வைக்கும் தாள் மட்டுமே. 11 வயதிலிருந்து மார்பு எக்ஸ்ரே, 15-லிருந்து எச்ஐவி ரத்தப் பரிசோதனை. மாத்திரையில் அடங்கும் சுகர், பிபிக்காக மட்டும் இரண்டு நாடும் பொதுவாகக் கதவைச் சாத்துவதில்லை.

கிட்னி என்று வரும்போதுதான் கணக்கு மாறுகிறது. இந்த ஆளுக்கு அரசு எவ்வளவு செலவழிக்க வேண்டியிருக்கும் என்று இரண்டு நாடுமே பார்க்கின்றன. இதைத் தாண்டினால் மறுக்கலாம் என்று ஒரு செலவு வரம்பு உண்டு. கனடா 2018-இல் தன் வரம்பை மூன்று மடங்காக்கியது. 2025-இல் அது ஐந்து வருஷத்துக்கு 1,35,810 கனடா டாலராக இருந்தது. ஆஸ்திரேலியாவின் வரம்பு 2024 ஜூலையில் 51,000-லிருந்து 86,000 ஆஸ்திரேலிய டாலராக ஏறியது. அங்கே நிரந்தர விசாவுக்குப் பொதுவாக ஐந்து வருஷச் செலவைப் பார்ப்பார்கள். தீராத நோயென்றால் பத்து வருஷம் வரை போவார்கள். நாள்பட்ட கிட்னிக் கோளாறுக்கு இது பெரிய இடி.

அதைவிடப் பெரியது இன்னொன்று. "என் கைக்காசில் பார்த்துக்கொள்கிறேன்" என்பது ஆஸ்திரேலியாவில் எடுபடாது. அதே நோய், அதே கட்டத்தில் உள்ள ஒருவருக்கு என்ன செலவாகும் என்றுதான் கணக்குப் போடுவார்கள். உங்கள் பேங்க் பாஸ்புக் அவர்களுக்கு வேண்டாம். புள்ளி அடிப்படையிலான 189 விசாவில் மெடிக்கல் விதிக்கு விலக்கும் கிடையாது. கனடாவில் மறுப்பதற்கு முன் ஒரு கடிதம் வரும். மருந்துச் செலவை வேலை தருபவரின் காப்பீடு ஏற்கும் என்பது போன்ற திட்டத்தைக் காட்டிப் பதில் சொல்லலாம். டயாலிசிஸுக்கு அந்த வழி உதவாது.

கனடாவிலும் ஒரு எரிச்சல் உண்டு. 2025 ஆகஸ்ட் 21 முதல், புள்ளி அடிப்படையில் குடியேறும் எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்கு மெடிக்கலை முடித்துவிட்டுத்தான் விண்ணப்பிக்க வேண்டும். பணம் முதலில் போகிறது, முடிவு பிறகு.

கணவன் மனைவி ஸ்பான்சர் செய்வதென்றால் கதையே வேறு. கனடா செலவுக் கணக்கே பார்ப்பதில்லை. ஆஸ்திரேலியாவில் விலக்கு கேட்கலாம்.

"சுகர்னு சொல்லாதீங்க" என்று உறவில் ஒரு பெரியம்மா யோசனை சொன்னார். சிறுநீர்ப் பரிசோதனையே காட்டிக்கொடுத்துவிடலாம். மறைத்தது தெரிந்தால் கனடா ஐந்து வருஷம் தடை போடும், ஆஸ்திரேலியா மூன்று.

மாமா கனடாவுக்கே போட்டார். ஏற்காடு எக்ஸ்பிரஸில் தூக்கமில்லாமல் சென்னை போய் இறங்கியதில், காலையில் பிபி 160/100. அங்கே கனடா அங்கீகரித்த டாக்டர் அரை மணி நேரம் உட்கார வைத்து மறுபடி பார்த்தார், 138. அப்புறம் மஞ்சப்பையிலிருந்து ஆறு வருஷ லேப் தாள்களை எடுத்து வைத்தோம். அவர் எல்லாவற்றையும் புரட்டவில்லை. கடைசி மூன்று கிரியாட்டினின் அளவு, கிட்னி டாக்டரின் ஒரு பக்கக் கடிதம், இவ்வளவுதான் எடுத்துக்கொண்டார். முடிவு அவர் கையில் இல்லையாம். ரிப்போர்ட் அனுப்புவதோடு சரி. அடுத்த முறை யாரையாவது கூட்டிப்போனால் முதல் நாளே போய்த் தங்கிவிடுவேன்.