மேலூரைத் தேடி: இன், ஃபைண்ட், ரீஜெக்ஸ்

மதுரையில் சிம்மக்கல் பக்கம் ஒரு பார்சல் ஆபீஸுக்குப் பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் சின்னதாக ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். கிளார்க் தமிழில் அடித்து வைக்கும் குறிப்பில் ஊர்ப்பெயரைத் தேடி, வண்டி வாரியாகப் பிரிக்க வேண்டும், அவ்வளவுதான். முதல் நாளே மேலூர் பார்சல் பலதும் ஆபீஸிலேயே தங்கிவிட்டன. "தம்பி, மேலூர்னு தெளிவா அடிச்சிருக்கு, உங்க புரோகிராமுக்கு மட்டும் தெரியலையே" என்றார் அங்கிருந்த அண்ணன்.

குறிப்பில் ஊர் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் தெரிந்தால் போதும் என்றால் பைத்தானின் 'இன்' போதும். எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் 'ஃபைண்ட்'. அது பூஜ்யத்திலிருந்து எண்ணி இடத்தைச் சொல்லும், இல்லாவிட்டால் -1. இதை அப்படியே 'இஃப்' கண்டிஷனில் போட்டால் கதை தலைகீழ்: குறிப்பின் தொடக்கத்திலேயே ஊர் இருந்தால் 0, பைத்தான் கணக்கில் அது பொய், ஊரே இல்லாவிட்டால் -1, பூஜ்யம் இல்லாததால் அது உண்மை! 'இண்டெக்ஸ்' இந்த வம்பு செய்யாது, கிடைக்காவிட்டால் வேல்யூ எரர் கொடுத்து நின்றுவிடும். ஊர் கட்டாயம் இருந்தாக வேண்டிய இடத்தில் எனக்கு அதுதான் பிடிக்கும். பார்சல் சத்தமில்லாமல் வேறு வண்டியில் ஏறுவதைவிட புரோகிராம் கத்துவது மேல்.

ஆனால் மேலூர் சிக்கல் இதில் எதுவும் இல்லை. கண்ணுக்கு மூன்று எழுத்தாகத் தெரியும் "மேலூர்", கம்ப்யூட்டர் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோட் முறையில் ஆறு குறியீடு: ம, ஏகாரக் குறி, ல, ஊகாரக் குறி, ர, புள்ளி. கிளார்க் அடித்திருந்தது "மேலூரில் இறக்கவும்". அங்கே ர-வுக்குப் பின்னால் புள்ளி இல்லை, இகரக் குறி இருக்கிறது. அப்புறம் எப்படிப் பொருந்தும்? புள்ளியை வெட்டிவிட்டு "மேலூர" என்று தேடினேன். மேலூர், மேலூரில், மேலூருக்கு எல்லாம் வந்து விழுந்தன. தமிழாசிரியர் பார்த்தால் காதைத் திருகுவார், ஆனால் வேலை நடக்கிறது. திருமங்கலம் "திருமங்கலத்தில்" ஆகிவிடுவதால் அதற்கு "திருமங்கல". உசிலம்பட்டிக்கு வெட்டே தேவையில்லை.

சொல்லை அப்படியே கொடுக்காமல் அதன் வடிவத்தைக் கொடுத்துத் தேடும் ரீஜெக்ஸ் இதைவிடப் பெரிய ஆயுதம் என்று பலர் நேராக அங்கே ஓடுவார்கள். நானும் ஓடினேன். ரீஜெக்ஸ் வேலைக்கென்று பைத்தானோடு வரும் 'ரீ' மாட்யூல் நம் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் சொல்லின் பகுதியாகவே கணக்கில் எடுப்பதில்லை. "மேலூர்" என்று போட்டு முடிவில், சொல் இங்கே முடிகிறது என்று காட்டும் எல்லைக் குறியை வைத்தால், அடுத்து இடைவெளி இருந்தாலும் பொருந்தாது. புள்ளியை எடுத்துவிட்டு அதே குறியை வைத்தால் பொருந்துகிறது, ஏனென்றால் அதன் கணக்கில் சொல் ர-வோடு முடிந்துவிட்டது. தனியாக நிறுவிக்கொள்ளும் 'ரீஜெக்ஸ்' மாட்யூல் இந்தத் தப்பைச் செய்யாது.

பிஎச்பி மொழியில் எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: யூனிகோடை பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8இல் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட். "மதுரை"யில் "ரை" எங்கே என்று இடம் தேடும் 'எஸ்டிஆர்பாஸ்' ஃபங்ஷனைக் கேட்டால் பைட்டை எண்ணி 9 என்கிறது, 'எம்பி'யோடு தொடங்கும் அதன் அண்ணன் குறியீட்டை எண்ணி 3 என்கிறது.

எதில் தேடினாலும் முதலில் என்எஃப்சி செய்துவிடுங்கள், அதாவது ஒரே எழுத்தின் வெவ்வேறு குறியீட்டு வடிவங்களை ஒன்றாக்கிவிடுங்கள். கோரிப்பாளையத்தின் "கோ"வை க-வோடு ஓகாரக் குறி சேர்த்தும் எழுதலாம், ஏகாரக் குறியும் காலும் தனித்தனியாகச் சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், தேடலுக்கு வேறு வேறு. தேடும் சொல், தேடப்படும் குறிப்பு இரண்டையும் மாற்ற வேண்டும்.

இப்போது அந்த ஆபீஸில் ஓடுவது என்எஃப்சியும், வெட்டிய ஊர்ப்பெயர்ப் பட்டியலும், 'இன்'னும்தான். மாசி வீதிகள் நான்குக்கு மட்டும் ரீஜெக்ஸ் வைத்திருக்கிறேன். கிளார்க் ஒரு நாள் "மேலமாசி" என்று அடிப்பார், மறுநாள் "மேல மாசி" என்று அடிப்பார்.