மூன்றாவது ஓட்டு

"நாமளும் ரெண்டு சர்வர் வாங்கி புராக்ஸ்மாக்ஸ் போட்ருவமா, என்ன சொல்றீக?" என்று போன வாரம் கேட்டார் திருமங்கலத்தில் ரைஸ்மில் நடத்தும் நண்பர். ஒரே சர்வருக்குள் பல கம்ப்யூட்டர்கள் இருப்பதுபோல் இயக்கும் சாப்ட்வேர் அது. கப்பலூரில் எங்கள் கம்பெனியில் 2024 முதல் அதுதான் ஓடுகிறது. இதே வேலை செய்யும் விஎம்வேரை பிராட்காம் கம்பெனி வாங்கி, நிரந்தர லைசென்ஸ் இனி இல்லை என்றதும் மாறியவர்களில் நாங்களும் உண்டு.

டேலி, பில்லிங், வருகைப்பதிவு என்று ஆறு விஎம் (சர்வருக்குள் ஓடும் மெய்நிகர் கம்ப்யூட்டர்). சர்வர் இரண்டு, தலா 64 ஜிபி ராம். ஒன்று படுத்தால் மற்றது ஆறையும் சுமக்க வேண்டுமே, அதனால் மொத்தமே 48 ஜிபியைத் தாண்ட விடுவதில்லை. 15 நிமிடத்துக்கு ஒருமுறை டிஸ்க் நகல் பக்கத்து சர்வருக்குப் போகும் (இது பேக்கப் ஆகாது, இங்கே அழித்தது அங்கேயும் அழியும்). விஎம்மை ஓடும்போதே இடம் மாற்றினால், டேலியில் உட்கார்ந்திருக்கும் அக்காவுக்குத் தெரிவதே இல்லை. எனக்கு இன்னும் அந்த வேடிக்கை அலுக்கவில்லை.

எரிச்சல் ஒன்றுதான்: ஓட்டு. சர்வருக்கு ஒரு ஓட்டு; பாதிக்கு மேல் ஓட்டு இருந்தால்தான் கிளஸ்டர் (ஒன்றாக இணைத்த சர்வர் கூட்டம்) எதையும் தொடங்கும். இருப்பதே இரண்டு என்றால், பாதிக்கு மேல் என்பது இரண்டும்தான். ஒரு சனிக்கிழமை பராமரிப்பு மின்தடை முடிந்து கரண்ட் வந்தது. ஒரு சர்வர் எழுந்தது, மற்றதன் பவர் சப்ளை அவுட். எழுந்ததும் தன்னிடம் இருந்த விஎம்களைக்கூடத் தொடங்காமல் 'நோ கோரம்' (போதிய ஓட்டு இல்லை) என்று உட்கார்ந்துவிட்டது. வாரக்கூலி நாள், ஆபீஸில் நடந்தது முழுக்கக் கோரம். நான் மாட்டுத்தாவணியில், பஸ்ஸுக்குள். "அண்ணே, பி... பரோட்டாவுக்கு வர்ற பி. அடுத்து வி, விருதுநகர் வி" என்று சூப்பர்வைசரை 'பிவிஇசிஎம் எக்ஸ்பெக்டட் 1' (ஒரு ஓட்டே போதும் என்னும் கட்டளை) அடிக்க வைப்பதற்குள் கண்டக்டர் சிரித்துவிட்டார்.

சரி, சர்வர் செய்தது நியாயம். இரண்டும் உயிரோடிருந்து நடுக் கேபிள் மட்டும் போயிருந்தால், ஒரே டேலி இரண்டு இடத்தில் எழுந்து கணக்கே இரண்டாகியிருக்கும். மூன்றாவது ஓட்டுக்கு வழி சொல்லும் பக்கத்தைப் படிக்காமல் விட்டது நான்தான். அப்புறம் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரை கியூடிவைஸாக (ஓட்டு மட்டும் போடும் மூன்றாவது ஆள்) வைத்தேன். அதன் பிளக்கைப் பிடுங்கி யாரோ மொபைல் சார்ஜ் போடுகிறார்கள்! பிடுங்கினாலும் மூன்றில் இரண்டு இருக்கிறதா, எல்லாம் ஓடும். அடுத்து ஒரு சர்வர் படுக்கும் அன்றைக்குத்தான் தெரியும். அதனால் தினமும் டீக்கு முன்னால் ஓட்டு எண்ணுகிறேன்.

நண்பரிடம், "ஒரே ஒரு நல்ல சர்வர், தினமும் வேறு டிஸ்க்கில் பேக்கப், அது போதும்" என்றேன். நான் மூன்றாவது சர்வருக்குக் கொட்டேஷன் கேட்டிருப்பதை அவரிடம் சொல்லவில்லை.