ரிமோட்டில் ஐந்து எண்கள்: பிரிட்டன் சேனல்கள் யாருக்காக?

பிரிட்டனில் ஆண்டெனா வழியாக வரும் டிவியில் முதல் ஐந்து எண்கள் அநேகமாக எல்லோருக்கும் மனப்பாடம். 1 பிபிசி ஒன், 2 பிபிசி டூ, 3 ஐடிவி (ஸ்காட்லாந்தில் எஸ்டிவி), 4 சேனல் 4, 5 சேனல் 5. வேல்ஸில் மட்டும் நாலாம் எண்ணில் வேல்ஷ் மொழிச் சேனல் எஸ்4சி வரும். நெட்ஃபிளிக்ஸ் வந்த பிறகும் இந்த ஐந்துக்கும் தனித்தனிக் குணம் இருக்கிறது. ஒவ்வொரு சேனலும் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வதை நம்பி அந்தக் குணத்தைக் கண்டுபிடிக்க முடியாது. ஒரு நிகழ்ச்சி ஒரு சேனலை விட்டு இன்னொன்றுக்குப் போகும்போது என்ன ஆகிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

கேக் செய்யும் போட்டியான ‘கிரேட் பிரிட்டிஷ் பேக் ஆஃப்’ 2010இல் பிபிசி டூவில் அடக்கமாகத் தொடங்கியது. கூட்டம் சேர்ந்ததும் 2014இல் பிபிசி ஒன்னுக்குப் போனது. 2016 இறுதிச்சுற்றைக் கிட்டத்தட்ட 1.4 கோடிப் பேர் பார்த்தார்கள். அடுத்த ஆண்டு சேனல் 4 அதைத் தட்டிக்கொண்டு போனது. மூன்று ஆண்டுக்கு 7.5 கோடி பவுண்டு என்று அன்றைய செய்திகள் சொல்லின. பழைய நடுவர் மேரி பெரி கூடவே போகவில்லை. தொகுப்பாளர்கள் மெல், சூ இருவரும் போகவில்லை. பார்வையாளர் எண்ணிக்கை ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. பிபிசி ஒன்னில் இப்படி நடந்திருந்தால் தோல்வி என்றே சொல்லியிருப்பார்கள். சேனல் 4க்கோ அது பெரிய வெற்றி. விளம்பரதாரர்கள் தேடி அலைகிற 16 முதல் 34 வயதுக்காரர்கள் திரண்டு வந்தார்கள். ஒரு மணி நேர நிகழ்ச்சி, விளம்பரத்துக்கு இடம் விட்டு 75 நிமிடமானது. அதே கூடாரம், அதே மாவு, அதே நடுவர் பால் ஹாலிவுட்; கணக்குப் பார்க்கும் முறை மட்டும் வேறு.

அந்தக் கணக்குதான் எல்லாவற்றுக்கும் மூலம். பிபிசி உள்நாட்டில், டிவி பார்க்கும் வீடுகள் கட்டும் லைசென்ஸ் கட்டணத்தில் ஓடுகிறது. 2025 ஏப்ரலில் அது வீட்டுக்கு ஆண்டுக்கு 174.50 பவுண்டு ஆனது. எல்லோரிடமும் வாங்குவதால் எல்லோருக்கும் ஏதாவது தந்தாக வேண்டும். ஐடிவி பங்குச் சந்தையில் இருக்கும் கம்பெனி, விளம்பரம்தான் சோறு. சேனல் 4 கொஞ்சம் விசித்திரமான பிறவி. அரசுக்குச் சொந்தம், ஆனால் வரிப்பணம் கிடையாது. விளம்பரத்தில் சம்பாதித்து நிகழ்ச்சிகளிலேயே போட வேண்டும். அதை விற்றுவிடலாம் என்று 2022இல் அரசு அறிவித்து, 2023 ஜனவரியில் கைவிட்டது. சேனல் 5 இப்போது அமெரிக்க பாராமவுன்ட் நிறுவனத்தின் கையில்.

பிபிசிக்குள்ளேயே ஒரு படிக்கட்டு உண்டு. 1964இல் தொடங்கிய பிபிசி டூ (முதல் இரவே கரண்ட் போய், திட்டமிட்டபடி ஒளிபரப்ப முடியாமல் போனது வேறு கதை) இன்றுவரை பிபிசி ஒன்னின் நாற்றங்கால். ‘தி அப்ரென்டிஸ்’, ‘லைன் ஆஃப் டியூட்டி’, ‘பீக்கி பிளைண்டர்ஸ்’ எல்லாம் அங்கே முளைத்து, வளர்ந்த பின் ஒன்னுக்குப் பிடுங்கி நடப்பட்டவை. இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த நகைச்சுவைக் கலைஞர் ரொமேஷ் ரங்கநாதனும் இந்தப் படிகளில் ஏறியவர்தான். 2015இல் இளைஞர்களுக்கான பிபிசி த்ரீயில் இலங்கைக்குப் போய் உறவினர்களிடம் மாட்டிக்கொண்டு விழித்தார். அப்புறம் பிபிசி டூவில் ஊர் சுற்றினார். 2021இல் பிபிசி ஒன்னில் ‘வீக்கஸ்ட் லிங்க்’ வினாடி வினாவை நடத்த வந்துவிட்டார். கலைக்கும் இசைக்கும் உரிய பிபிசி ஃபோர் இப்போது பெரும்பாலும் பழைய சரக்கையே ஓட்டுகிறது. அது எனக்கு வருத்தம்தான்.

நெடுந்தொடர்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பார்வையாளர் யார் என்பது பளிச்சென்று தெரியும். ஐடிவியின் ‘கொரொனேஷன் ஸ்ட்ரீட்’ 1960 டிசம்பரிலிருந்து ஓடுகிறது. மான்செஸ்டரில் இயங்கிய கிரானடா என்ற வட்டாரக் கம்பெனி உருவாக்கியதால் அதில் வடக்கின் செங்கல் வீடுகள், பப், வடக்கத்திப் பேச்சு. ‘எம்மர்டேல்’ யார்க்ஷயர் கிராமத்தில் நடக்கிறது. ஐடிவி தொடக்கத்தில் ஒரே கம்பெனியாக இல்லாமல் வட்டாரக் கம்பெனிகளின் கூட்டாக இருந்ததன் தடம் இது. பிபிசி ஒன் 1985இல்தான் ‘ஈஸ்ட்எண்டர்ஸ்’ மூலம் கிழக்கு லண்டனைக் கையில் எடுத்தது. கொரொனேஷன் ஸ்ட்ரீட்டில் துக்கத்தின் நடுவே ஒரு சிரிப்பு வரும். ஈஸ்ட்எண்டர்ஸில் கிறிஸ்துமஸ் அன்றுகூட யாராவது குடும்பத்தைப் போட்டு உடைப்பார்கள். சேனல் 4 தன் பங்குக்கு 1995இல் இளசுகளுக்கென்று ‘ஹாலியோக்ஸ்’ தொடங்கியது. 2023இல் அதை முதன்மைச் சேனலிலிருந்தே எடுத்துவிட்டு, தன் துணைச் சேனலான ஈ4க்கும் இணையத்துக்கும் அனுப்பிவிட்டது. யாருக்காகத் தொடரைத் தயாரித்தார்களோ அவர்கள் டிவி முன்னால் இல்லை.

எழுத்திலும் விளம்பரத்தின் கை தெரியும். ஐடிவியில் ஒரு மணி நேர இடத்தில் கதைக்குக் கிடைப்பது சுமார் 46, 47 நிமிடம். ஒவ்வொரு இடைவேளைக்கு முன்னாலும் ஒரு அதிர்ச்சி வைத்தாக வேண்டும். கதவு தட்டப்படும், போன் அடிக்கும். பிபிசி நாடகத்தில் அந்த அவசரம் இல்லை. ஒருவர் தேநீர் போடுவதை முழுசாகக் காட்டலாம். சில சமயம் அதுவே இழுவையாகவும் ஆகிவிடும்.

வணிகச் சேனல் என்றால் லாபம் மட்டும்தான் என்று முடிவு கட்டவும் முடியாது. 2024 ஜனவரியில் ஐடிவி ‘மிஸ்டர் பேட்ஸ் வெர்சஸ் தி போஸ்ட் ஆபீஸ்’ ஒளிபரப்பியது. கம்ப்யூட்டர் கோளாறால் திருட்டுப் பட்டம் சுமந்த தபால் நிலைய நடத்துநர்களின் உண்மைக் கதை. செய்தித்தாள்கள் பல ஆண்டுகள் எழுதியும் நகராத விஷயம், நாலு நாள் நாடகத்தில் நகர்ந்தது. அதே ஆண்டு மே மாதம் தண்டனைகளை ரத்து செய்யும் சட்டமே வந்தது. ஆனால் அந்தத் தொடரில் ஐடிவிக்கு சுமார் 10 லட்சம் பவுண்டு நட்டம் என்று அதன் நிர்வாகியே சொன்னார். வெளிநாட்டில் அதிகம் விலை போகாத, அத்தனை பிரிட்டிஷ்தனமான கதை.

செய்தியில் ஒரு வேடிக்கை. ஐடிவி, சேனல் 4, சேனல் 5 மூன்றின் செய்தியையும் தயாரிப்பது ஐடிஎன் என்ற ஒரே நிறுவனம். ஆனாலும் ஒன்று போல் மற்றொன்று இருக்காது. ஐடிவி பத்து மணிச் செய்தி வேகமாக, மனிதக் கதைகளோடு போகும். சேனல் 4 மாலை ஏழு மணிக்கு ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொண்டு, அமைச்சரை உட்காரவைத்துக் குடைந்து எடுக்கும். என் ஓட்டு சேனல் 4க்குத்தான். பிபிசி பக்கச்சார்பு என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்ற கவலையில் சில நேரம் நடுக்கோட்டிலேயே நின்றுவிடுகிறது. கிறிஸ்துமஸ் பகல் மூன்று மணிக்கு பிபிசியும் ஐடிவியும் மன்னர் உரையைப் போடும். சேனல் 4 1993 முதல் மாற்று உரை ஒன்றைப் போடுகிறது. 2008இல் ஈரான் அதிபர் அகமதிநெஜாத் பேசினார், 2013இல் அமெரிக்க உளவு ரகசியங்களை வெளியிட்ட எட்வர்ட் ஸ்னோடன்.

சேனல் 5ஐ முன்பு யாரும் மதித்ததில்லை. 1997இல் ஸ்பைஸ் கேர்ள்ஸ் பாட்டோடு பிறந்த அதற்கு ஆரம்பத்தில் இருந்த பெயர் சினிமா, கால்பந்து, படுக்கையறை. இன்று ஆள் மாறிவிட்டது. ‘தி யார்க்ஷயர் வெட்’ என்று கால்நடை மருத்துவரையும் ஆட்டு மந்தையையும் காட்டி, லண்டனுக்கு வெளியே இருக்கும் நடுத்தர வயதினரைப் பிடித்துவிட்டது. 1978இல் பிபிசி ஒன்னில் வந்த ‘ஆல் கிரியேச்சர்ஸ் கிரேட் அண்ட் ஸ்மால்’ தொடரை 2020இல் புதிதாக எடுத்தது சேனல் 5தான்.

புதிதாகப் போய் இறங்குகிறவர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். ஐடிவி, சேனல் 4, சேனல் 5 ஆப்களில் பழைய நிகழ்ச்சிகளை விளம்பரத்தோடு இலவசமாகப் பார்க்கலாம். பிபிசியின் ஐபிளேயருக்கு லைசென்ஸ் கட்டாயம். எந்தச் சேனலையும் நேரலையாகப் பார்த்தால், போனில் பார்த்தாலும் சரி, பிபிசி பக்கமே போகாவிட்டாலும் சரி, லைசென்ஸ் வேண்டும்.