சைவ மேசைக்கு ஒரு கேஸ் ஒயின்: புதுச்சேரியில் மூன்று வாரம்

ஊருக்குக் கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பு அக்காவின் கணவர் தொலைபேசியில் கேட்ட ஒரு கேள்வியிலிருந்து இது தொடங்கியது. "ஒயினைத் தெளிய வைக்க மீன் போடுறாங்களாமே தம்பி, நெசமா? இத்தினி வருஷமா அதைத்தான் குடிச்சிக்கினு இருந்தேனா?" மாமா பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், புதுச்சேரியில் இப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்போம். தம் தாயார் மறைந்த ஆண்டில் அசைவத்தை விட்டவர், முட்டை கலந்த கேக்கைக்கூடத் தொடுவதில்லை. ஆனால் இரவு உணவோடு ஒரு கிளாஸ் ஒயின் அருந்தும் வழக்கத்தை மட்டும் அவர் பிரான்சிலிருந்து கையோடு கொண்டுவந்தார். ஜூலை 14 அன்று கடற்கரைச் சாலையில் உள்ள போர் நினைவுச் சின்னத்தில் மரியாதை செலுத்திவிட்டு வந்த பின், அன்றிரவு வீட்டு மாடியில் உறவினர்கள் கூடி உண்பது பல ஆண்டு வழக்கம். இம்முறை அந்த விருந்துக்கான ஒயினை வாங்கும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். மாமாவும், அவரைப் போலவே சைவமான இன்னும் ஆறு பேரும் மனக்குறையின்றிக் குடிக்கக்கூடிய பாட்டில்கள் மட்டுமே அந்த மேசைக்கு வர வேண்டும் என்று தீர்மானித்தேன்.

பாரிஸின் புறநகரில் 26 ஆண்டுகளாக வாழ்பவன் என்பதால் இதைப் பற்றி எனக்கு ஓரளவு தெரியும். புதிதாக நொதித்த ஒயின் கலங்கலாக இருக்கும். அதில் மிதக்கும் நுண்துகள்களையும், நாக்கைக் கரகரக்க வைக்கும் மிகுதியான துவர்ப்பையும் அடியில் படிய வைப்பதற்காக ஒரு பொருளைச் சேர்த்து, படிந்த பிறகு தெளிந்ததை மட்டும் வேறு கலனுக்கு மாற்றுவார்கள். கிராமங்களில் கலங்கிய தண்ணீரைத் தெளிய வைக்கத் தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் உரைப்பார்களே, ஏறக்குறைய அதே வேலைதான். சிக்கல் என்னவென்றால், ஒயினுக்கு வழிவழியாகப் பயன்பட்ட பொருள்களில் பல உயிரினங்களிலிருந்து வருபவை. வெள்ளை ஒயினுக்கு மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பசை. போர்தோ வட்டாரத்துச் சிவப்பு ஒயினுக்கு 225 லிட்டர் பீப்பாய் ஒன்றுக்கு மூன்று முதல் ஆறு முட்டைகளின் வெள்ளைக்கரு. இவை தவிர, விலங்குகளின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கும் ஜெலட்டின், பாலிலிருந்து எடுக்கும் கேசின். பிரெஞ்சில் இந்த வேலைக்கே கொலாஜ் என்றுதான் பெயர், பசை என்ற சொல்லிலிருந்து வந்தது. நம் கடற்கரையிலும் கூறல் மீனின் காற்றுப்பையைத் தனியே எடுத்து உலர்த்தி ஏற்றுமதிக்கு விற்கிறார்கள் என்பதால், மாமாவுக்கு இதை விளக்க அதிக நேரம் பிடிக்கவில்லை.

சேர்த்த பொருள் அடியில் படிந்து வெளியேறிவிடுகிறதே, குடிக்கும் ஒயினில் அது இல்லையே என்று சிலர் வாதிடுவதுண்டு. அக்காவிடம் இதைச் சொன்னபோது, "கருவாட்டைப் போட்டு எடுத்துட்டா கொழம்பு சைவமாயிடுமா?" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. இது உடல்நலத்தைப் பற்றிய கேள்வி அல்ல; ஒருவர் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட ஒழுங்கைப் பற்றியது, அதை இவ்வளவு, அவ்வளவு என்று அளந்து பார்ப்பதற்கு வேறு எவருக்கும் உரிமையில்லை.

வெளிநாட்டிலிருந்து வாங்கி வருபவர்கள் ஒன்றை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். ஐரோப்பாவில் வெஜிடேரியன் என்று அச்சிட்ட ஒயினில் முட்டை வெள்ளைக்கரு பயன்பட்டிருக்கலாம், ஏனென்றால் அங்கே அந்தச் சொல் முட்டையையும் பாலையும் ஏற்றுக்கொள்கிறது. நம் சைவத்தில் பால் உண்டு, முட்டை இல்லை. இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளும் முட்டையை அசைவக் கணக்கில்தான் வைக்கின்றன. ஆகவே அந்த ஊர் வெஜிடேரியன் குறி நமக்குப் போதாது, உயிரினங்களிலிருந்து வரும் எதையும், பாலைக்கூட, ஏற்காத வீகன் குறி நமக்குத் தேவைக்கு மேல். பால் கேசினால் தெளிய வைத்த ஒயினை வீகன் குறி விலக்கிவிடும், நம் வீட்டுச் சைவர்களோ அதைத் தாராளமாகக் குடிக்கலாம். இந்த இடைவெளியைப் பற்றிக் கடைக்காரர்களிடம் பேசும்போதெல்லாம், ஒவ்வொரு முறையும் ஆரம்பத்திலிருந்தே விளக்க வேண்டியிருந்தது.

நான் முதலில் சென்றது நகரின் மையத்தில் உள்ள பெரிய கடை. குளிரூட்டிய தனி அறையில் இறக்குமதி ஒயின்கள் அழகாக அடுக்கியிருந்தன, பணியாளர்களும் மரியாதையாகவே பேசினார்கள். ஆனால் "இதில் எது சைவம்?" என்று கேட்டதும், "எல்லாமே திராட்சைதான் சார், நூறு பர்சென்ட் வெஜ்" என்று சிரித்துக்கொண்டே ஒரு பாட்டிலை எடுத்து நீட்டினார் விற்பனையாளர். பின்பக்க லேபிளைக் காட்டி, பச்சைப் புள்ளி எங்கே என்று கேட்டேன். அவர் பாட்டிலைத் திருப்பித் திருப்பித் தேடினார். அது அங்கே இருக்காது, ஏனென்றால் பிஸ்கட்டுக்கும் ஊறுகாய்க்கும் கட்டாயமாக்கிய சைவ, அசைவக் குறியிலிருந்து மதுவகைகளுக்கு இந்திய விதிகள் விலக்கு அளித்திருக்கின்றன. அவரைக் குறை சொல்வதற்கில்லை, அவருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. ஆனால் தெரியாததைத் தெரியாது என்று சொல்லாமல் உறுதியாகச் சொன்னதுதான் என்னை வருத்தியது. இன்னொருவர் அந்த வார்த்தையை நம்பி வாங்கியிருப்பார். மேலும் அங்கே நான் எடுத்துப் பார்த்த இரண்டு பாட்டில்களில் மூடிக்கு மேலுள்ள உறையின் அடியில் ஒயின் கசிந்து பிசுபிசுத்திருந்தது. வெயிலில் நின்ற லாரியிலோ கிடங்கிலோ சூடேறி, கார்க்கைத் தள்ளிக்கொண்டு ஒயின் வெளியே வந்ததன் அடையாளம் அது. மாற்றித் தருவீர்களா என்று கேட்டதற்கு, திறந்த பிறகு எதையும் திரும்பப் பெறுவதில்லை என்றார்கள். அங்கிருந்து வெறுங்கையோடு வந்தேன்.

இரண்டாவது கடை அளவில் சிறியது. இங்கே கிடைத்த சேவையைப் பற்றித்தான் விரிவாக எழுத விரும்புகிறேன். கல்லாவில் இருந்த இளைஞரும் முதலில் விழித்தார். ஆனால், "தெரியலை சார், கேட்டுச் சொல்றேன், ரெண்டு நாள் டைம் குடுங்க" என்றார். எந்தெந்த ஒயின் வேண்டுமோ அவற்றின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் படம் எடுத்துக்கொள்ள அனுமதித்தார். வெளிச்சம் போதாத இடத்தில் தம் கைப்பேசியின் விளக்கைப் பிடித்துக்கொண்டு, அறுவடை ஆண்டும் பேட்ச் எண்ணும் தெரிய ஒவ்வொரு பாட்டிலையும் தாமே திருப்பிக் காட்டினார். ஆண்டு முக்கியம் என்று நான் சொன்னதன் காரணத்தையும் கேட்டுத் தெரிந்துகொண்டார்: ஒரே பெயருள்ள ஒயினுக்கு ஒரு வருடம் முட்டை வெள்ளைக்கருவும் அடுத்த வருடம் களிமண்ணும் பயன்படுத்தியிருக்கலாம், அந்த அறுவடை எவ்வளவு கலங்கலாக இருந்தது, எவ்வளவு துவர்த்தது என்பதைப் பொறுத்து ஆலையில் முடிவெடுப்பார்கள்.

பல வகைகளைக் கலந்து வாங்குவதில் உள்ள உழைப்பு இதுதான். ஒரே ஒயினில் ஒரு கேஸ், அதாவது பன்னிரண்டு பாட்டில் கொண்ட ஒரு பெட்டி, வாங்கினால் ஒரு கேள்வி போதும். ஆறு வகையில் இரண்டிரண்டாகப் பன்னிரண்டு பாட்டில் வாங்கினால் ஆறு கேள்விகள், ஆறு பதில்கள். அந்த இளைஞர் விநியோகஸ்தரை அழைத்தார். நான் பாட்டிலில் அச்சிட்டிருந்த முகவரிகளுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். சைவமா என்று பொதுவாகக் கேட்கவில்லை. இந்த ஒயினை, இந்த அறுவடை ஆண்டில், தெளிய வைக்க எதைப் பயன்படுத்தினீர்கள், முட்டை, மீன், ஜெலட்டின் இவற்றில் ஏதேனும் உண்டா என்று நேராகக் கேட்டேன். பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். நாசிக் வட்டாரத்தைச் சேர்ந்த ஓர் ஆலையிலிருந்து மறுநாளே, ஒயின் தயாரிப்பாளரே கையெழுத்திட்டு, தம் வெள்ளை ஒயினுக்கு பெண்டோனைட் என்ற களிமண்ணை மட்டும் பயன்படுத்துவதாக எழுதியிருந்தார். பட்டாணிப் புரதம் பயன்படுத்துவதாக இன்னோர் ஆலை சொன்னது. மூன்றாவது ஆலை தன் ரோஸே என்ற இளஞ்சிவப்பு ஒயினுக்குப் பால் கேசின் பயன்படுத்தியதை மறைக்காமல் தெரிவித்தது. அதை மாமாவிடம் கேட்டேன், "பால்தானே, எடு" என்றார். ஒன்றிலிருந்து மட்டும் பதிலே வரவில்லை.

இப்படித்தான் பெட்டி நிறைந்தது. நம் ஊர்ச் சைவச் சாப்பாட்டோடு எனக்கு எப்போதும் பொருத்தமாகத் தோன்றுவது ஷெனின் பிளான்க். லேசான இனிப்பும் புளிப்பும் உள்ள அந்த வெள்ளை ஒயின் வாழைப்பூ வடைக்கும் மோர்க்குழம்புக்கும் ஈடு கொடுக்கும். அதில் இரண்டு, சோவினியோன் பிளான்கில் இரண்டு, ரோஸே இரண்டு, நுரைக்கும் ஒயின் இரண்டு. சிவப்பில் துவர்ப்பு மிகுந்தவற்றைத் தவிர்த்தேன், காரக்குழம்போடு அவை நாக்கில் எரிச்சலைக் கூட்டும். மென்மையான ஷிராஸ் இரண்டும், பதில் வராத ஆலையின் கபர்னே சோவினியோன் இரண்டும் சேர்ந்து பன்னிரண்டு. எப்படியும் ஜூலை 14-க்குள் பதில் வந்துவிடும் என்ற நம்பிக்கையில் அந்தக் கடைசி இரண்டையும் வாங்கினேன்.

பிரான்சிலிருந்து இரண்டு பாட்டில்கள் கையில் கொண்டுவந்திருந்தேன். தீர்வையின்றி 2 லிட்டர்தான் அனுமதி, மூன்றாவது பாட்டில் சேர்ந்தால் 2.25 லிட்டர் ஆகிவிடும். அவற்றைத் தேர்ந்தெடுத்தபோது என் சொந்தப் பழக்கம் ஒன்றைத் திருத்திக்கொள்ள நேர்ந்தது. ஐரோப்பாவில் 2012 முதல், முட்டையோ பாலோ பயன்படுத்தி அதன் எச்சம் ஒயினில் கண்டறியப்பட்டால் லேபிளில் எழுத வேண்டும். எழுதவில்லையென்றால் சைவம்தான் என்று நெடுநாள் நம்பியிருந்தேன். ஆனால் எச்சம் தென்படாத அளவுக்கு நீங்கியிருந்தால் எழுத வேண்டியதில்லை; மீன் பசைக்கோ எழுத வேண்டிய கட்டாயமே கிடையாது. 2023 டிசம்பர் 8 முதல் நடைமுறைக்கு வந்துள்ள, ஒயினில் சேர்ந்த பொருள்களின் பட்டியலும், தெளிய வைப்பது போன்ற வேலைக்கு மட்டும் பயன்படும் ஒவ்வாமை தராத துணைப்பொருள்களைச் சொல்வதில்லை. இயற்கை விவசாய முத்திரையும் இதற்கு உத்தரவாதமல்ல, அந்த விதிகளின்படி முட்டை வெள்ளைக்கருவும் மீன் பசையும் அனுமதிக்கப்பட்டவையே. எனவே 'நொன் கொலே', அதாவது எதையும் சேர்த்துத் தெளிய வைக்காதது என்று தெளிவாக அச்சிட்ட சிவப்பு ஒயின் ஒன்றையும், வீகன் முத்திரை உள்ள வெள்ளை ஒயின் ஒன்றையும் எடுத்துவந்தேன். 'நொன் ஃபில்த்ரே' என்பது வேறு, வடிகட்டவில்லை என்று மட்டுமே அதற்குப் பொருள். இரண்டையும் ஒன்றாக எண்ணி ஏமாந்துவிடக் கூடாது.

கேஸ் கட்டிக் கொடுத்த விதத்தையும் சொல்ல வேண்டும். அட்டைத் தடுப்புகள் போட்ட பெட்டியில், ஒவ்வொரு பாட்டிலின் கழுத்திலும் ஒயினின் மட்டம் சரியாக இருக்கிறதா, மூடி உறை அசைகிறதா என்று எனக்கு எதிரிலேயே பார்த்துப் பார்த்து வைத்தார்கள். பெட்டியைச் சணல் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டி, வெயில் தாழ்ந்த பிறகு மாலை ஆறு மணிக்கு மேல் ஆட்டோவில் ஏற்றி அனுப்புவதாக அவர்களே சொன்னார்கள். வீட்டுக்கு வந்ததும் பில்லோடு ஒரு தாள் இணைத்திருந்தது. விநியோகஸ்தர் சொன்ன விவரங்களை அந்த இளைஞர் பேனாவால் ஒயின் வாரியாக எழுதி அனுப்பியிருந்தார். கடலூரிலிருந்து வந்த சித்தப்பா மகன், மிஞ்சினால் ஒரு பாட்டில் எடுத்துப் போகிறேன் என்றான். புதுச்சேரி மதுவை எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குள் கொண்டுபோனால் சோதனைச் சாவடியில் வழக்காகிவிடும் என்று மாமா தடுத்துவிட்டார்.

விருந்தன்று மாடியில், அந்தத் தாளையும் ஆலைகளின் பதில்களை அச்சிட்ட பக்கங்களையும் மாமா கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். பிறகு ஷெனின் பிளான்கைத் தாமே திறந்து, முதல் கிளாஸை எதிரில் அமர்ந்திருந்த தம் தங்கைக்கு ஊற்றினார். அவரும் சைவர், இந்தச் செய்தியைக் கேட்ட நாளிலிருந்து ஒயினைத் தொடாமல் இருந்தவர். கபர்னே சோவினியோன் இரண்டும் பெட்டியிலேயே இருந்தன. நான் பாரிஸ் திரும்பி நான்காம் நாள் அந்த ஆலையின் பதில் வந்தது: அந்த ஆண்டு ஒயினுக்கு முட்டை வெள்ளைக்கரு பயன்படுத்தினோம், தாமதத்துக்கு மன்னிக்கவும் என்று எழுதியிருந்தார்கள். அன்றிரவே அக்காவிடம் சொன்னேன். இரண்டு பாட்டில்களையும் அசைவம் சாப்பிடும் எதிர்வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டதாக மறுநாள் காலை அவர் செய்தி அனுப்பினார்.