ஏழு வருஷம் எம்.எஸ்.-20 மினியோடு

போன மாதம் வீட்டுக்கு வந்த நண்பர் ஒருவர் என் கோர்க் எம்.எஸ்.-20 மினியை, அதாவது மின்சாரத்தால் ஒலியை உருவாக்கும் இந்த சிந்தசைசர் கீபோர்டை, சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இவ்வளவு காசு போட்டு வாங்கியிருக்கீங்க, ஒரு சவுண்டைக்கூட இதுல சேவ் பண்ண முடியாதாமே?" முடியாது. ஒரே நேரத்தில் இரண்டு சுரம் வாசிக்க முடியாது. அழுத்தி வாசித்தாலும் மெல்லத் தொட்டாலும் ஒரே சத்தம்தான். இதெல்லாம் தெரிந்துதான் 2017 கடைசியில் வாங்கினேன். சிங்கப்பூரிலிருந்து வந்த அக்கா மகன் பெட்டியில் ஏறி வந்தது. கருவி மட்டுமே 4.8 கிலோ. விமான நிலையத்தில் எடை பார்க்கும்போது தன் சட்டைகளை எடுத்துக் கைப்பையில் திணித்துக்கொண்டானாம். இன்று வரை சொல்லிக் காட்டுகிறான்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. கோர்க் நிறுவனம் ஜப்பானில் 1978-இல் எம்.எஸ்.-10, எம்.எஸ்.-20 என்று இரண்டு அனலாக் சிந்தசைசர்களை வெளியிட்டது. எம்.எஸ்.-20-இன் விலை 98,000 யென். மூக்கும் முழியுமாக, சத்தத்தை உண்டாக்க இரண்டு ஆசிலேட்டர், அதை வடிகட்ட இரண்டு ஃபில்டர், பக்கவாட்டில் பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் மாதிரி வயர் சொருகி இணைக்க ஒரு பேட்ச் பலகை. பெரிய கம்பெனிகளின் கருவியை வாங்க முடியாதவர்களுக்கான சரக்கு அது. வடிவமைத்தவர்களில் முக்கியமானவர் ஃபூமியோ மியெடா. கிடாரிஸ்டுகள் கொண்டாடும் யூனி-வைப் பெடலும் அவர் கைவேலைதான். 1983-இல் யமஹாவின் டி.எக்ஸ்.-7 டிஜிட்டல் சிந்தசைசர் வந்து ஊரே டிஜிட்டல் பக்கம் சாய்ந்தபோது இது காலாவதிச் சரக்காகிப் பழைய பொருள் கடைகளுக்குப் போனது. பிறகு அங்கிருந்தே விலை ஏற ஆரம்பித்தது. 2013 ஜனவரியில் கோர்க்கே இதைத் திரும்பக் கொண்டுவந்தது, அசலில் 86 சதவீத அளவில்; அதுதான் மினி. அசலைச் செய்த பொறியாளர்களையே கூப்பிட்டு உட்கார வைத்துச் செய்தார்கள்.

சின்னதாக்கியதால் மாறியவை: 37 கட்டைகளும் குட்டிக் கட்டைகள்; பேட்ச் துளைகள் 6.3 மில்லிமீட்டரிலிருந்து 3.5-க்கு இறங்கிவிட்டன. கடைசியில் வரும், சத்தத்தின் அளவைக் கட்டுப்படுத்தும் வி.சி.ஏ. சர்க்யூட்டை இரைச்சல் குறையும்படி மாற்றியிருக்கிறார்கள். மற்ற இசைக்கருவிகளோடும் கணினியோடும் பேச மிடியும் யு.எஸ்.பி.யும் சேர்த்தார்கள், ஆனால் அதில் சுரம் மட்டும்தான் போய் வரும். ஒரு நாபைத் திருகினால் அது கணினியில் பதிவாகாது. மற்றதெல்லாம் 1978 தான். வசதிக்குறைவுகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இப்போது ஃபில்டர். இதை வாங்க ஒரே காரணம் கேட்டால் இதைத்தான் சொல்வேன். முதலில் கனமான கீழ் ஒலிகளை வெட்டும் ஹை-பாஸ், அதன் வாலைப் பிடித்துக்கொண்டு கூர்மையான மேல் ஒலிகளை வெட்டும் லோ-பாஸ். இரண்டுக்கும் தனித்தனியாக, வெட்டும் இடத்தில் உள்ள ஒலியை எடுப்பாக்க 'பீக்' என்று ஒரு நாப். மற்ற சிந்தசைசர்களில் இதற்கு ரெசனன்ஸ் என்று பெயர். பாதி வரை திருகும்போது சாதுவாக இருக்கும். நாப் 7-ஐத் தாண்டினால் தகரத்தைக் கிழிக்கிற சத்தம். பத்தில் ஃபில்டர் தானாகவே ஊளையிடும், ஆசிலேட்டரே தேவையில்லை. எனக்குப் பிடிபட ஒரு வருஷம் ஆன விஷயம் ஒன்று உண்டு. உள்ளே போகும் சத்தம் பலமாக இருந்தால் பீக் அடங்கிவிடும், மெலிதாக இருந்தால்தான் தலை தூக்கும். முதல் வருஷம் முழுக்க இரண்டு ஆசிலேட்டரையும் முழு வால்யூமில் வைத்துவிட்டு, "யூடியூபில் கேட்ட அந்தக் கீறல் எங்கே?" என்று தேடிக்கொண்டிருந்தேன். ஆசிலேட்டர்களை நாலுக்கு இறக்கினேன். வந்துவிட்டது.

நான் நாடகங்களுக்கும் குறும்படங்களுக்கும் ஒலி அமைக்கிறவன். இசையமைப்பாளர் இல்லை. எனவே இதில் பாட்டு வாசித்ததைவிடக் காற்று, மழை, மோட்டார், வயிற்றைக் கலக்கும் ஒரு உறுமல், இப்படிச் செய்ததுதான் அதிகம். 2019-இல் ஒரு நாடகத்தில் சமையல்கட்டுக் காட்சி. மேடைக்குப் பின்னால் குக்கர் விசில் வர வேண்டும், அதுவும் மாமியாருக்குக் கோபம் ஏற ஏற ஒவ்வொரு விசிலும் நீள வேண்டும். நிஜக் குக்கரைப் பதிவு செய்து பார்த்தோம், எடுபடவில்லை. முதல் ஆசிலேட்டரை நாய்ஸுக்கு, அதாவது வெறும் இரைச்சலுக்கு, திருப்பினேன். ஹை-பாஸை மேலே ஏற்றி, பீக்கை எட்டில் வைத்தேன். சத்தம் எழுந்து அடங்கும் விதத்தை முடிவு செய்யும் என்வலப் இரண்டில், இரண்டாவதில் அட்டாக்கை (எழும் நேரத்தை) நீட்டினேன், முதலில் புஸ்ஸென்று ஆவி கசிந்து பிறகு வீறிட வேண்டுமல்லவா? கடைசியாக, கீபோர்டின் இடது பக்கம் இருக்கும் சக்கரத்திலிருந்து ஃபில்டருக்கு ஒரு வயர். விசில் அடங்கும்போது சக்கரத்தைக் கீழே இழுத்தால் வெயிட் ஆடி நிற்கிற அந்தத் தள்ளாட்டம் கிடைத்தது. அரங்கேற்றத்தன்று மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி, பக்கத்தில் இருந்தவரிடம் "அடுப்பை அணைக்கச் சொல்லுங்க" என்றாராம்.

அந்தச் சக்கரத்தைப் பற்றி இன்னொரு வார்த்தை. மற்ற கீபோர்டுகளில் சுருதியை வளைக்கும் சக்கரம் விட்டதும் நடுவுக்கு ஓடிவிடும். இது வைத்த இடத்தில் நிற்கும். தவிர, வயர் போடாமல் அது எதையுமே செய்யாது. கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்கள் இதைக் கொஞ்ச நேரம் உருட்டிப் பாருங்கள். போர்ட்டமென்டோ நாப் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போகும், ஜாரு மாதிரி இருக்கும், ஆனால் எல்லா இடத்திலும் ஒரே வழுக்கல். சக்கரத்தைச் சுருதியோடு கோத்துவிட்டால் அசைவு முழுக்க உங்கள் விரலில். தோடி ராகத்தை என்னால் கொண்டுவர முடியவில்லை. அது கருவியின் குறையில்லை.

பேட்ச் பலகையின் கீழ்ப்பகுதியில் வெளிச் சத்தத்தை உள்ளே வாங்க ஒரு தனிப் பிரிவு இருக்கிறது. கிடாரையோ மைக்கையோ சொருகினால் அந்தச் சத்தத்தின் சுருதியைக் கண்டுபிடித்து வோல்டேஜாக மாற்றி ஆசிலேட்டரை ஓட்டும். 1978-இல், இந்த விலையில்! அம்மா பாட்டு டீச்சராக இருந்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மைக்கைக் கொடுத்துப் பாடச் சொன்னேன். ஜண்டை வரிசை வரைக்கும் சிந்தசைசர் ஒழுங்காகப் பின்பாட்டுப் பாடியது. குரலுக்குக் கீழும் மேலும் உள்ள ஒலியை வெட்டும் லோ-கட், ஹை-கட் நாப் இரண்டையும் அவர் குரலுக்கு ஏற்ற மாதிரி நெருக்கிவைக்கவே அரை மணி நேரம் ஆனது. பிறகு கமகத்தோடு ஒரு வர்ணம் எடுத்தார். அவ்வளவுதான், ஆக்டேவ் (ஸ்தாயி) விட்டு ஆக்டேவ் தாவி, கோழியைத் துரத்துகிற மாதிரி கத்தியது. "இதுக்கு முதல்ல சரளி வரிசை சொல்லிக் கொடு" என்றுவிட்டு எழுந்து போய்விட்டார். இன்று இந்தப் பிரிவை நான் பயன்படுத்துவது வேறு விதத்தில். ஹெட்ஃபோன் துளையில் வரும் சத்தத்தையே எடுத்துத் திரும்ப இதற்குள் விட்டு, அங்கிருந்து ஃபில்டருக்கு அனுப்பினால் தன் வாலைத் தானே கடிக்கும் பாம்பு மாதிரி ஒரு கரகரப்பு வரும். பழைய காலத்து வித்தைதான், ஆனால் எனக்கு அலுக்கவில்லை. வால்யூமை மட்டும் கீழே வைத்துத் தொடங்குங்கள்.

எரிச்சல்கள். பெரிய எரிச்சல், இது மற்றவர்களோடு சேராது. இன்றைய மாடுலர் கருவிகள் (தனித்தனிப் பகுதிகளை வயரால் கோக்கும் சிந்தசைசர்கள்) சுருதியைத் தெரிவிப்பது பெரும்பாலும் ஒரு ஆக்டேவுக்கு ஒரு வோல்ட் என்ற கணக்கில். இதில் ஆக்டேவ் ஏற வோல்டேஜ் இரட்டிக்க வேண்டும்: 1, 2, 4, 8. கட்டையை அழுத்தும்போது போகும் ட்ரிகர் சிக்னலும் தலைகீழ்: மற்றவற்றில் வோல்டேஜ் ஏறும், இதில் பூஜ்யத்துக்கு இறங்கும். நண்பரின் மாடுலரோடு கோத்துப் பார்த்த அன்று இரண்டும் இரண்டு பாஷை பேசின. சுரங்களை வரிசையாகத் தானே ஓட்டும் கோர்க்கின் எஸ்.க்யூ.-1 சீக்வென்சருக்கு இந்தக் கணக்கு தெரியும். இரண்டு பென்டார்ச் செல்லில் ஓடும். அதை வாங்கிய பிறகுதான் வீட்டில் அமைதி.

அடுத்தது சுருதி. அனலாக் ஆசிலேட்டர் சூட்டுக்கு ஏற்ப நகரும். சென்னையில் மே மாதம் ஏ.சி. இல்லாத அறையில் ஆரம்பித்து, நடுவில் ஏ.சி. போட்டீர்கள் என்றால் ஆசிலேட்டர் இரண்டும் மெல்ல ஒன்றைவிட்டு ஒன்று விலகுவதைக் காதால் கேட்கலாம். என் பழக்கம்: ஆன் செய்துவிட்டு டீ போடப் போவேன். வந்த பிறகு போனில் சுருதிப் பெட்டியை ஓடவிட்டு ஸ-வோடு சேர்ப்பேன். இருபது நிமிஷம் கழித்து இன்னொரு தடவை.

அடாப்டர் விஷயத்தில் கவனம். இது 9 வோல்ட், நடு முனை பாசிட்டிவ். கிடார் பெடல்களின் 9 வோல்ட் அடாப்டரில் பெரும்பாலும் நடு முனை நெகட்டிவ். என் அடாப்டர் தொலைந்தபோது ஒரு கடையில் "ஒன்பது வோல்ட்தானே சார், எல்லாம் ஒண்ணுதான்" என்று பெடல் அடாப்டரை எடுத்து நீட்டினார்கள். படத்தைப் பார்த்து வாங்குங்கள், பேச்சைக் கேட்டு வாங்காதீர்கள்.

இதே ஒலி வேண்டும், இடம் இல்லை என்பவர்களுக்கு பெரிங்கர் நிறுவனம் செய்யும் நகல் கே-2 இருக்கிறது. கட்டைகள் கிடையாது, ஆனால் அசல் எம்.எஸ்.-20-இல் முதலில் இருந்த பழைய ஃபில்டர், பின்னால் வந்த ஃபில்டர் இரண்டுக்கும் சுவிட்ச் உண்டு. மினியில் பழையது மட்டும்தான். மென்பொருளாகவும் கோர்க்கே 2004-இலிருந்து விற்கிறது. அதுவும் என்னிடம் இருக்கிறது, நல்ல மென்பொருள். அவசர வேலைக்கு அதைத்தான் திறக்கிறேன், ஏனென்றால் அது சேவ் ஆகும். ஆனால் மவுஸால் பீக்கைத் திருப்பும்போது எங்கே நிறுத்த வேண்டும் என்று என் கைக்குத் தெரிவதில்லை.

சேவ் விஷயத்துக்கே வருகிறேன். முதலில் கையேட்டில் உள்ள முகப்புப் படத்தை ஐம்பது பிரதி எடுத்து, நாப் நிலையைப் பென்சிலால் குறித்துவைத்தேன். இப்போது போனில் போட்டோ, கூடவே பத்து விநாடி ஒலிப்பதிவு. போட்டோ மட்டும் போதாது என்பது பட்டுத் தெரிந்தது.

இந்த வருஷம் அந்த நாடகத்தை மறுபடி போட்டார்கள். 2019 போட்டோவைப் பெரிதாக்கி, ஒவ்வொரு நாபையும் மயிரிழை பார்த்து வைத்தேன். வயர்கள் அதே துளைகளில். கட்டையை அழுத்தினேன். விசில் வந்தது, ஆனால் கொஞ்சம் தடித்த குரலில். அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"இது அஞ்சு லிட்டர் குக்கர்டா. போன தடவை மூணு லிட்டர்."

ஹை-பாஸை அரை மில்லிமீட்டர் ஏற்றினேன். தலையாட்டிவிட்டுப் போனார்.