நாகர்கோவிலில் லேப்டாப் வாங்கப் போகிறவர்கள் ஒரு நிமிஷம் நில்லுங்கள்: என் 48,500 ரூபாய் போன கதை

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் "சரி, போகட்டும்" என்று விட்டுவிடுவேன். போன சனிக்கிழமை, ஜூன் 6 அன்று, நாகர்கோவிலில் ஒரு கணினிக் கடையில் 48,500 ரூபாய் கொடுத்துப் புது லேப்டாப் வாங்கினேன். அது புதிதில்லை. யாரோ ஒரு வருஷத்துக்கும் மேலாக அடித்துத் துவைத்த லேப்டாப். அதைத் துடைத்து, அட்டைப்பெட்டியில் போட்டு, டேப் ஒட்டி என் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

புகார் கொடுத்திருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. எல்லா கம்பெனி லேப்டாப்பும் விற்கிற, கண்ணாடிக் கதவு போட்ட ஏசி கடை. எடை குறைந்த, சார்ஜ் நிற்கிற லேப்டாப்பை எப்படிப் பார்த்து வாங்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

எனக்கு வேலை கணக்கு எழுதுவது. மார்த்தாண்டம், கருங்கல், தக்கலை என்று ஏழெட்டு இடங்களுக்கு ஜிஎஸ்டி கணக்கு பார்க்கிறேன். பலசரக்குக் கடை, ஹார்டுவேர் கடை, ஒரு முந்திரி ஆலை. எங்கள் பக்கம் அதை அண்டி ஆபீஸ் என்போம். எல்லாம் பஸ்ஸில்தான் போய் வர வேண்டும். பழைய லேப்டாப் இரண்டரைக் கிலோ. சார்ஜர் மட்டும் ஒரு செங்கல் கனம். நிற்க இடமில்லாத பஸ்ஸில் அதைத் தோளில் மாட்டித் தொங்கியே இடது தோள் போய்விட்டது. அதோடு நம்ம மாவட்டத்துக்கு இரண்டு மழை. ஜூனில் தென்மேற்கு, ஐப்பசியில் வடகிழக்கு. ஒரு காற்றடித்தால் ரப்பர் மரக் கொப்பு கம்பியில் விழும், கரண்ட் போகும். அது எப்போது திரும்பி வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் எனக்கு வேண்டியது இரண்டே விஷயம்: எடை குறைவாக இருக்க வேண்டும், ஒரு பகல் வேலைக்குச் சார்ஜ் நிற்க வேண்டும். கேம் வேண்டாம், பெரிய திரை வேண்டாம்.

அந்த 48,500 எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 30,000 என் சீட்டுப் பணம். மீதி 18,500 அப்பா தந்தது, ரப்பர் ஷீட்டும் ஒட்டுப்பாலும் விற்ற காசு. விடிவதற்கு முன்னால் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் பால்வெட்டப் போகிற மனிதர். மழைக்காலத்தில் அந்த வேலையும் கிடையாது. "தோள்வலின்னு சொல்லிட்டே இருக்காத மக்களே, போய் வாங்கு" என்று எண்ணிக் கையில் கொடுத்தார்.

கடையில் என்னைக் கவனித்த பையனுக்கு இருபத்தைந்து வயசிருக்கும். எந்த ஊர் என்று கேட்டான். சொன்னேன். "அப்போ நம்ம பக்கம்தான் அக்கா, எங்க சித்தி வீடு அங்கதான்" என்றான். அதற்கப்புறம் நான் கடையில் நிற்கிற மாதிரியே இல்லை, சொந்தக்காரர் வீட்டில் உட்கார்ந்திருக்கிற மாதிரி ஆகிவிட்டது. நாலு மாடல் காட்டினான். அதில் ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான். "1.3 கிலோதான் அக்கா. காலையில சார்ஜ் போட்டா ராத்திரி வரைக்கும் பிளக்கைத் தேடவே வேண்டாம். பதினாலு மணி நேரம் நிக்கும்." 52,000 சொன்னான். பேசி 48,500-க்கு வந்தது. பையும் மவுஸும் இலவசம்.

உள்ளே போய்ப் பெட்டியை எடுத்து வந்தான். டேப் ஒட்டியிருந்தது. பிரிக்கிற கத்தியை என் கையில் கொடுத்து, "நீங்களே உடைங்க அக்கா, உங்க கையால" என்றான். அந்த இடத்தில்தான் நான் விழுந்தேன். என் கையால் டேப்பைக் கிழித்தால் அது புதுசு என்றுதானே மனசு நம்பும்? மேலே பிளாஸ்டிக் உறை, திரைக்கும் கீபோர்டுக்கும் நடுவில் வெள்ளைத் தாள், எல்லாம் ஒழுங்காக இருந்தது. பில்லையும் வாங்கிப் பார்த்தேன். ஜிஎஸ்டி எண் தமிழ்நாட்டுக்குரிய 33-இல் தொடங்கியது, வரி தனியாகக் காட்டியிருந்தது, மத்திய வரி மாநில வரி தலா 3,699 ரூபாய். சரியான பில். ஒன்று மட்டும் இல்லை, சீரியல் நம்பர். கேட்டேன். "அது பாக்ஸ்லயே இருக்குல்ல அக்கா, அதுதான் கணக்கு" என்றான். வரியைச் சரிபார்த்தவள் அதை விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வரும் வழியில் பலசரக்குக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன். 1.420 கிலோ. சார்ஜர் தனியாக 340 கிராம். அப்போதே சுருக்கென்றது. ஆனாலும் பழையதைவிட ஒரு கிலோ குறைவுதானே என்று சந்தோஷம்தான் பட்டேன்.

திங்கட்கிழமை கருங்கல் பக்கத்து அண்டி ஆபீஸுக்குப் போனேன். நூறு சதவீதம் சார்ஜோடு போனேன், சார்ஜரை வேண்டுமென்றே வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். பத்து மணிக்கு மழை பிடித்தது, கரண்ட் போனது. வெளியே பெண்கள் வாசல் வெளிச்சத்துக்கு நகர்ந்து உட்கார்ந்து முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே இருட்டில் கொள்முதல் பில்லை ஏற்றிக்கொண்டிருந்தேன். ஒரு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும். மூலையில் 27 சதவீதம் என்று காட்டியது, பட்டென்று அணைந்துவிட்டது. எச்சரிக்கை வரவில்லை, ஒரு சத்தமும் இல்லை. எக்செல்லில் சேமிக்காமல் வைத்திருந்த அறுபது வரியும் போனது. வியாழன் 11-ஆம் தேதி, ஜிஎஸ்டிஆர்-1, அதாவது விற்பனைக் கணக்கு, ஏற்றக் கடைசி நாள். ஆலை முதலாளி வாசலில் நின்று, "புதுசுன்னு சொன்னியேம்மா" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அன்று சாயங்காலமே கடைக்கு போன் போட்டேன். "புது பேட்டரி அக்கா, ரெண்டு மூணு தடவை முழுசா இறக்கி ஏத்துங்க, சரியாயிடும்." இது பச்சைப் பொய். முழுசாக இறக்கி ஏற்றுவது பழைய நிக்கல்–காட்மியம் பேட்டரிக்குச் சொன்ன வைத்தியம். இப்போது வருவது லித்தியம் அயன், அதை அடிக்கடி அடிவரை இறக்குவதுதான் அதற்குக் கெடுதி. செவ்வாய்க்கிழமை கூப்பிட்டால், "விண்டோஸ் அப்டேட் ஓடுது, அதான் குடிக்குது." புதன்கிழமை, "வெளிச்சத்தைக் குறைங்க." வியாழக்கிழமை போனையே எடுக்கவில்லை. அன்றைக்கு மார்த்தாண்டத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து எல்லாருடைய கணக்கையும் ஏற்றி முடித்தேன். வெள்ளிக்கிழமை, "கம்பெனி சர்வீஸ் சென்டர் போங்க அக்கா, எங்க கையில ஒண்ணும் இல்ல."

நேற்று சனிக்கிழமை காலை போனேன். சர்வீஸ் சென்டரில் இருந்தவர் நல்ல மனிதர். லேப்டாப்பைத் திருப்பி அடியில் இருந்த சீரியல் எண்ணைக் கம்பெனி தளத்தில் போட்டார். வாரண்டி போன வருஷம் பிப்ரவரியில் தொடங்கி, இந்த வருஷம் பிப்ரவரியில் முடிந்துவிட்டது. "இது யாருடையதும்மா?" என்று கேட்டார். என்னுடையது, வாங்கி ஒரு வாரம் என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. அடியில் இருந்த ஒரு திருகாணியை விரலால் காட்டினார். அதன் தலையில் இருக்கிற நட்சத்திரப் பள்ளம் மழுங்கி, ஓரத்தில் வெள்ளி நிறத்தில் வழுக்கிப் போயிருந்தது. யாரோ பல தடவை கழற்றி மாட்டியது. பெட்டியில் இருந்த எண்ணையும் அடியில் இருந்த எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கடைசி நாலு எழுத்து வேறு.

அப்புறம் பேட்டரி ரிப்போர்ட் எடுத்துக் காட்டினார். பேட்டரி தயாரானபோது கொள்ளளவு, அதாவது அது பிடிக்கிற மின்சாரம், 57,000 மில்லிவாட் மணி. இப்போது முழுசாக ஏறினால் 31,300. அதாவது 55 சதவீதம். சைக்கிள் எண்ணிக்கை, அதாவது முழு பேட்டரி அளவுக்குச் சார்ஜ் செலவான தடவை, 412. விண்டோஸைப் புதிதாகப் போட்டுப் பழைய ஆளின் அடையாளத்தை எல்லாம் அழித்திருக்கிறார்கள். ஆனால் இந்தக் கணக்கை வைத்திருப்பது பேட்டரிக்குள் இருக்கிற சிப். விண்டோஸை அழித்தாலும் அது அழியாது.

இன்னொன்றும் அங்கேதான் புரிந்தது. 57,000 மில்லிவாட் மணி என்றால் 57 வாட் மணி. அந்தப் பேட்டரியை வைத்துக்கொண்டு பதினாலு மணி நேரம் ஓட வேண்டுமென்றால் லேப்டாப் சராசரியாக நாலு வாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது. வெளிச்சத்தைக் குறைத்து, வைஃபையை அணைத்து, உள்ளே இருக்கிற வீடியோவை ஓடவிட்டு எடுக்கிற கணக்கு அது. டாலி என்கிற கணக்கு மென்பொருள், எக்செல், நாலைந்து பக்கம் திறந்த பிரவுசர், மொபைல் ஹாட்ஸ்பாட் என்று நான் செய்கிற வேலை எட்டு வாட் இழுக்கிறது. புதுசாகவே இருந்தாலும் ஏழு மணி நேரம்தான். அந்த ஏழையே என்னிடம் உண்மையாகச் சொல்லியிருந்தால் சந்தோஷமாக வாங்கியிருப்பேனே! எனக்கு ஏழு போதும். கிடைத்தது மூன்றுகூட இல்லை.

அங்கிருந்து நேராகக் கடைக்குப் போனேன். மேனேஜர் டீ குடிக்கப் போயிருக்கிறார் என்று பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்காரவைத்தார்கள். ஒன்றரை மணி நேரம். அந்தப் பையன் என் பக்கம் திரும்பவே இல்லை. காலேஜில் சேரப் போகிற ஒரு பிள்ளையும் அவள் அம்மாவும் வந்தார்கள். அதே மாடலை எடுத்து அந்தப் பிள்ளையின் உள்ளங்கையில் வைத்தான். "காலையில சார்ஜ் போட்டா ராத்திரி வரைக்கும்..." ஒரு சொல் மாறவில்லை. எந்த ஊர் என்றும் கேட்டான். அவர்கள் ஊரிலும் அவனுக்கு ஒரு சித்தி இருந்தாள். நான் எழுந்து அந்த அம்மாவிடம் பேசப் போனேன். அதுவரை டீ குடித்துக்கொண்டிருந்த மேனேஜர் எங்கிருந்தோ வந்து, "வாங்க மேடம், உள்ள உட்கார்ந்து பேசுவோம்" என்று அழைத்துப் போய்விட்டார்.

உள்ளே என்ன பேச்சு தெரியுமா? முதலில், "பெட்டி மாறிப் போச்சு." அப்புறம், "அது டிஸ்ப்ளேயில வச்சிருந்த பீஸ் மேடம், புதுசுதான்." டிஸ்ப்ளேயில் இருக்கிற லேப்டாப் நாள் முழுக்க பிளக்கிலேயே இருக்கும். அதற்கு 412 சைக்கிள் எங்கிருந்து ஏறும்? கேட்டேன். பதில் இல்லை. கடைசியில், "6,500 கட்டுங்க, புது பேட்டரி போட்டுத் தர்றோம். இல்லேன்னா நாங்களே 22,000-க்கு எடுத்துக்கிறோம்." ஒரு வாரத்துக்கு முன்னால் 48,500. அதே பொருள், அதே கடை, இப்போது 22,000! பில்லின் அடியில் சின்ன எழுத்தில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று அச்சடித்திருப்பதை விரலால் தட்டிக் காட்டினார்.

அந்த வரிக்குப் பயப்படாதீர்கள். பழுதான பொருளைப் பில்லில் போட்ட கெடுவுக்குள், கெடு போடாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம் என்றுதான் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. நேற்று இரவே தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் தளத்தில் புகார் பதிந்துவிட்டேன், அவர்கள் தொலைபேசி எண் 1915. கடைக்கு நோட்டீஸ் எழுதி வைத்திருக்கிறேன், நாளை போஸ்ட் ஆபீஸ் திறந்ததும் போகும். அதற்கும் அசையவில்லை என்றால் நாகர்கோவிலில் இருக்கிற மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது, வழக்குப் போட இரண்டு வருஷம் அவகாசம் உண்டு. அப்பாவிடம் இன்னும் முழுசாகச் சொல்லவில்லை. "எப்படி மக்களே இருக்கு புது மிஷின்?" என்று தினமும் கேட்கிறார்.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன். நாளைக்குக் கொடுக்க வேண்டிய நோட்டீஸை இன்னும் பிரிண்ட் எடுக்கவில்லை, அதனால் முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். எத்தனை மணி நேரம் நிற்கும் என்று கேட்காதீர்கள், எத்தனை வாட் மணி என்று கேளுங்கள். அதை எட்டால் வகுத்தால் கிட்டத்தட்ட நம் ஆபீஸ் வேலைக்கு ஆகிற நேரம். எடையைச் சார்ஜரோடு சேர்த்துக் கேளுங்கள். பெட்டியிலும் அடிப்பக்கத்திலும் பில்லிலும் இருக்கிற சீரியல் எண் மூன்றும் ஒன்றாக இல்லையென்றால் பணம் கொடுக்காதீர்கள். அடிப்பக்க எண்ணைக் கடையில் நின்றே உங்கள் போனில் கம்பெனி தளத்தில் போட்டு வாரண்டி எப்போது தொடங்கியது என்று பாருங்கள். இரண்டு நிமிஷ வேலை. டேப்பை யார் கிழித்தால் என்ன, அது ஒரு சாட்சியே இல்லை.

நேற்று அங்கே வந்த பிள்ளைக்கு, பச்சைக் குடை வைத்திருந்தாயே, உனக்குத்தான் இது. நான் வெளியே வருவதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள். வாங்கிவிட்டாயென்றால் இன்றைக்கே விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட் என்கிற, கட்டளை அடிக்கிற ஜன்னலைத் திறந்து, 'பவர்சிஎஃப்ஜி' என்று ஆங்கிலத்தில் அடித்து, ஒரு இடம் விட்டு, சாய்கோடு போட்டு, 'பேட்டரிரிப்போர்ட்' என்று சேர்த்து அடி. அது சேமிக்கிற பக்கத்தைத் திறந்து டிசைன் கெப்பாசிட்டியையும் (தயாரானபோது இருந்த கொள்ளளவு) ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டியையும் (இப்போது முழுசாக ஏறுகிற அளவு) பார். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் நல்லது. இல்லையென்றால் பில்லையும் பெட்டியையும் தூக்கிப் போட்டுவிடாதே, உனக்கு இன்னும் 29 நாள் இருக்கிறது. எனக்கு இங்கே ஒரு வரி எழுது, நாம் இரண்டு பேரும் சேர்ந்தே புகார் கொடுக்கலாம்.